நாற்பத்தெட்டுக்குக் கீழே

சாஸ்கடூன். கன்ஃபெடரேஷன் மால் பின்புறம்
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான் விற்பவன்.
மைனஸ் முப்பத்தொன்று.
கார்க் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி
அவன் முதலில் கேட்டது பெயரையல்ல:
"உன்னிடம் எந்த கிராபிக்ஸ் கார்டு?"

சொன்னேன். சிவப்புக் கம்பெனி, எட்டு ஜிபி,
தவணை இன்னும் நாலு பாக்கி.
நட்சத்திரம் கேட்டுத் தலையாட்டும்
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி
தலையாட்டினான்.
"ஒத்துவரும். பச்சைக்காரர்களுக்கு மட்டும் என்று
பூட்டு போட்ட திரை இல்லை இது."

நூற்றெழுபது டாலர்.
கையுறையோடு எண்ண வரவில்லை, கழற்றினேன்.
கடைசி இருபது டாலர் தாளை நீட்டியபோது
விரல் என்னுடையதாக இல்லை.

பின்சீட்டில் கம்பளியால் சுற்றி
சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன்.

வந்ததும் சொருகிவிடக் கூடாது.
குளிர்ந்த உடம்போடு உள்ளே வந்த திரைக்குள்
வீட்டுச் சூடு ஈரமாய்ப் படியும்.
அதில் மின்சாரம் பாய்ந்தால் போச்சு.
மூன்று மணி நேரம்
சுவரோரம் அதைச் சாய்த்துவைத்து
எதிரே உட்கார்ந்திருந்தேன்,
ஐசியூ வாசலில் உட்கார்ந்த சொந்தக்காரி.

பழைய திரை எதற்கும் நின்றதில்லை.
நொடிக்கு அறுபது, அவ்வளவுதான்.
கார்டு வரைந்து முடித்ததா, பாதியில் நிற்கிறதா
அதற்குக் கவலையில்லை.
சோறு இருக்கும்போதே
இலையை எடுத்துவிடும் பந்திக்காரன்.
வளைவில் காரைத் திருப்பும்போதெல்லாம்
விளக்குக் கம்பம் இடுப்பில் ஒடியும்:
மேல்பாதி போன கணத்தில்,
கீழ்ப்பாதி இந்தக் கணத்தில்.

கார்டைக் கட்டிப்போட்டும் பார்த்தேன்.
கம்பம் ஒடியவில்லை.
ஆனால் ஸ்டீயரிங்
யோசித்துவிட்டுத் திரும்பியது.

ஆறரைக்கு வந்தான் தணிகைவேல்.
பொட்டாஷ் சுரங்கத்தில் பதினாலு இரவு ஷிஃப்ட்.
என் ராத்திரிச் சாப்பாடு
அவனுக்குக் காலைப் பலகாரம்.
ரசத்துக்கு உப்பு போதுமா என்றேன்.
போதும் என்று அவன் சொன்னபோது
நான் வீட்டு வாடகையில் இருந்தேன்.

சொருகினேன். ஆட்டத்தைத் திறந்தேன்.
முதல் வளைவு.
கம்பம் ஒடிந்தது.

பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்று
யாரிடம் போய்ச் சண்டை பிடிக்க?
திரையின் முதுகில் கட்டைவிரல் அளவு ஒரு குச்சி.
அதை அசைத்து அசைத்து
மெனுவின் அடிவயிற்றில் கண்டுபிடித்தேன்:
அணைத்தே விற்கிறார்கள்.
போட்டாலும் ஏற்கவில்லை.
கேபிள், பழைய டிவியோடு வந்தது.

தணிகை ஒன்றும் கேட்கவில்லை.
கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டியைக் கவிழ்த்து
முடிச்சுக்குள்ளிருந்து வேறொரு கேபிளை உருவி
டிஸ்பிளே போர்ட்டா என்று வாயை நீட்டிக் காட்டினான்.
எந்த வேலையில் எந்த வருஷம் எடுத்ததோ.

மூலையில் எண் ஓடியது.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தெட்டு, எழுபத்தொன்று.
கார்டு எப்போது தருகிறதோ
அப்போது காட்டியது திரை.
மலையேறினேன். பனிக்காடு, இரவு.
ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது. நாற்பத்தாறு.
இருட்டு லேசாக இமைத்தது.

நாற்பத்தெட்டு வரைதான் கூடவே இறங்கிவரும்.
அதற்குக் கீழே
ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கும்.
அந்த மாறுகிற இடத்தில்தான் இமைப்பு.
கார்டின் பக்கமும் எதையாவது விடவேண்டும்.
மர நிழலை ஒரு படி குறைத்தேன்.
பைன் மரங்கள் கொஞ்சம் தட்டையாயின.
ஐம்பத்து நாலு.

பின்னால் நின்று பத்து நிமிஷம் பார்த்தான்.
"ஒரு வித்தியாசமும் தெரியலையே."
"அதுக்குத்தான் நூத்தியெழுபது டாலர்."

ஒரு மணிக்கு எனக்குக் கண் சொக்கியது.
அவனுக்கோ நண்பகல்.
ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு
சோஃபாவில் சுருண்டேன்.
கார்டின் விசிறிக் காற்று
பாதத்தில் வெதுவெதுப்பாக.
அரைக்கண்ணில் பார்த்தேன்:
அவன் தப்பான வழியில் போய்க்கொண்டிருந்தான்,
கம்பங்கள் முழுசு முழுசாகக் கடந்தன.